ஒரே பெட்டியிலிருந்து எல்லாக் கேமராவுக்கும் கரண்ட்: பெங்களூரு வீடுகளில் என்னிடம் கேட்கப்படும் கேள்விகள்

அல்சூர், மர்ஃபி டவுன், ராமமூர்த்தி நகர் பக்கம் வீடுகளுக்குக் கேமரா மாட்டுவது என் தொழில். கூப்பிடுபவர்களில் நம்மவர்கள் அதிகம். எந்தக் கம்பெனி, எத்தனை மெகாபிக்சல் என்று அரை மணி நேரம் விசாரிப்பார்கள். அத்தனை கேமராவுக்கும் கரண்ட் எப்படிப் போகப்போகிறது என்று கேட்பவர் அபூர்வம். ஆனால் மாட்டி மூன்று மாதம் கழித்து "படம் வரல" என்று வரும் போன்களை எண்ணிப் பார்த்தால், கேமரா கெட்டுப்போனது கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கரண்ட் கோளாறு. அதனால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வழக்கமாக வரும் கேள்விகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கணக்குக்கு ஒரு வீட்டை வைத்துக்கொள்வோம். 30×40 அடி சைட் (மனை), தரைத்தளமும் மேலே இரண்டு மாடியும். ஓனர் ஒரு மாடியில், மற்றவை வாடகைக்கு. வாசல் கேட்டில் இரண்டு கேமரா, பார்க்கிங், படிக்கட்டு, பின்சந்து, மொட்டை மாடி ஆகியவற்றில் ஒவ்வொன்று, மொத்தம் ஆறு. இரண்டு அசைவு சென்சார், கதவுகளுக்குக் காந்த சென்சார், ஒரு சைரன்.

அண்ணா, ஆறு கேமராவுக்கு ஆறு அடாப்டர் போடணுமா, ஒரே பெட்டி போதுமா?

ஒரே பெட்டி போதும், நானும் அதைத்தான் போடுவேன். எஸ்.எம்.பி.எஸ். என்று கடையில் கேட்டால் தருவார்கள். 230 வோல்ட் ஏ.சி.யை வாங்கி 12 வோல்ட் டி.சி.யாகத் தரும் இரும்புப் பெட்டி. ஆறு அடாப்டர் என்றால் ஆறு பிளக் பாயிண்ட் வேண்டும். மொட்டை மாடியிலும் வாசலிலும் மழை படும் இடத்தில் 230 வோல்ட்டைக் கொண்டுபோக வேண்டும். கரண்ட் போனால் ஆறு இடத்துக்கும் பேக்கப் கொடுக்க வழியில்லை. பெட்டி ஒன்றாக இருந்தால் பேக்கப்பும் ஒரே இடத்தில் முடியும்.

ஒரு குறை உண்டு. பெட்டி போனால் ஆறும் போகும். மலிவான பெட்டிகளில் ஒயர் மாட்டும் வாய் நான்கு தனித்தனியாகத் தெரிந்தாலும், மூடியைத் திறந்து பார்த்தால் நான்கும் உள்ளே ஒரே தகட்டில்தான் சேர்ந்திருக்கும். ஒரு கேமராவின் கரண்ட் பின்னுக்குள் (ஒயரைச் சொருகும் முனை) தண்ணீர் போய் ஷார்ட் ஆனால் வீட்டின் எல்லாக் கேமராவும் அணையும். ஒவ்வொரு லைனுக்கும் தனி ஃபியூஸ் உள்ள பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். கிடைக்கவில்லை என்றால் பிளஸ் ஒயரில் 1 ஆம்பியர் கண்ணாடி ஃபியூஸை ஹோல்டரோடு போடச் சொல்லுங்கள். செலவு ஒன்றும் பெரிதில்லை. ஷார்ட் ஆன லைன் மட்டும் போகும், மற்ற ஐந்தும் ஓடும்.

எத்தனை ஆம்பியர் பெட்டி வாங்கணும்?

கேமராவின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். '12 வோல்ட், அதிகபட்சம் 5 வாட்' என்கிற மாதிரி இருக்கும். 5-ஐ 12-ஆல் வகுத்தால் 0.42 ஆம்பியர். ஆறு கேமராவுக்கு 2.5 ஆம்பியர். அசைவு சென்சார் ஒன்று 0.02 ஆம்பியர்கூட இழுக்காது. சைரன் கத்தும்போது அரை ஆம்பியர் என்று வைத்தால் மொத்தம் 3 ஆம்பியருக்குப் பக்கத்தில் வருகிறது.

காகிதத்தில் 5 ஆம்பியர் பெட்டி போதும். நான் இந்த வீட்டுக்கு 10 ஆம்பியர், 8 வாய் உள்ளதைப் போடுவேன். முதல் காரணம், 5 ஆம்பியர் பெட்டிகள் பெரும்பாலும் 4 வாயோடுதான் வருகின்றன. அதில் ஆறு ஒயரை முறுக்கிச் சொருகினால் ஒன்றிரண்டு வருடத்தில் ஏதாவது ஒன்று தளர்ந்துவிடும். இரண்டாவது, லேபிளில் 5 என்று எழுதியிருக்கும் சாதாரணப் பெட்டி, ஏப்ரல் வெயிலில் மூடிய அலமாரிக்குள் தொடர்ந்து 4 ஆம்பியர் கொடுத்தால் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும். எழுதியிருப்பதில் எழுபது சதவீதத்துக்கு மேல் சுமை ஏற்றாமல் இருந்தால் பெட்டி நீண்ட நாள் உழைக்கும்.

இரவில் கலரில் படம் காட்ட வெள்ளை விளக்கு எரியும் கேமராக்கள் கூடுதலாக இழுக்கும். சுற்றிச் சுழலும் பி.டி.இசட். கேமரா ஒன்றே 2 ஆம்பியர் கேட்கலாம், அதற்குத் தனி சப்ளை கொடுத்துவிடுங்கள்.

பெட்டியில ஆம்பியர் ஜாஸ்தியா இருந்தா கேமரா கருகிடாதா?

கருகாது. தனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவைத்தான் கேமரா இழுக்கும். கருக்குவது வோல்ட்டும், பிளஸ் மைனஸ் மாற்றிக் கொடுப்பதும்தான்.

பகல்ல படம் கண்ணாடி மாதிரி இருக்கு. ராத்திரி ஆனா விட்டு விட்டு வருது. கேமரா போச்சா?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. இதற்காக நல்ல கேமராவைக் கழற்றிப் போட்டுவிட்டுப் புதிதாக வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். புதியதும் அன்று இரவே அதையேதான் செய்தது.

நடப்பது இதுதான். பகலில் கேமரா 0.2 ஆம்பியர் அளவில் இழுக்கும். இருட்டியதும் அதன் லென்ஸைச் சுற்றியுள்ள ஐ.ஆர். (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும், இழுப்பு இரண்டு மடங்காகும். ஒயருக்கும் ஒரு தடை இருக்கிறது. ஒயரில் ஓடும் ஆம்பியர் கூடக் கூட, வழியிலேயே தின்னப்படும் வோல்ட்டும் கூடும். பெட்டியில் 12 இருந்தாலும் கேமராவுக்குப் போய்ச் சேருவது 10 என்றாகிவிடும். கேமரா தாங்காமல் அணையும். அணைந்ததும் இழுப்பு இல்லை, வோல்ட் மறுபடி 12-க்கு ஏறும். கேமரா உயிர்பெறும், இருட்டைப் பார்த்து ஐ.ஆர். விளக்கைப் போடும், மறுபடி விழும். விடியும் வரை இதே கதை. காலையில் நான் வந்து பார்க்கும்போது எல்லாம் சரியாக இருக்கும்.

எண்ணில் பார்ப்போம். 0.5 சதுர மி.மீ. செம்பு ஒயருக்கு 100 மீட்டருக்கு ஏறக்குறைய 3.9 ஓம் தடை. மொட்டை மாடிக் கேமரா பெட்டியிலிருந்து 25 மீட்டர் தூரம். கரண்ட் போகவும் திரும்பி வரவும் வேண்டும் என்பதால் ஒயர் 50 மீட்டர், தடை 1.95 ஓம். இரவில் 0.42 ஆம்பியர் என்றால் 0.82 வோல்ட் வழியில் போகும். கேமராவுக்கு 11.2 வோல்ட் கிடைக்கும், கவலையில்லை. அதே ஒயரில் படிக்கட்டுக் கேமராவையும் சேர்த்து முறுக்கிவிட்டால் இழப்பு 1.6-க்குப் போய் 10.4 தான் மிஞ்சும். சில கேமரா தாங்கும், சிலது விழும். அதோடு ஒயரும் பாதி அளவு, அதாவது 0.25 சதுர மி.மீ. என்றால் இழப்பு 3.3 வோல்ட், மிச்சம் 9-க்கும் கீழே. எந்தக் கேமராவும் அதில் நிம்மதியாக ஓடாது.

இன்னொன்றும் சேர்ந்துகொள்ளும். இப்போதைய கேமராக்கள் வோல்ட் குறைந்தால் அதை ஈடுகட்ட ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். அதனால் இழப்பு மேலும் கூடும். நான் மேலே போட்ட கணக்கைவிட உண்மை நிலைமை கொஞ்சம் மோசமாகத்தான் இருக்கும்.

ஆகவே கேமராவை மாற்றுவதற்கு முன்னால், இருட்டிய பிறகு, கடைசிக் கேமராவின் பின்னில், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே வோல்ட் அளந்து பாருங்கள். பின்னைக் கழற்றிவிட்டு அளந்தால் எப்போதும் 12 தான் காட்டும், அந்த எண்ணால் பயனில்லை. 11-க்கு மேல் இருந்தால் ஒயரில் குறையில்லை, கேமராவைச் சந்தேகப்படலாம்.

அப்போ என்ன ஒயர் வாங்கணும்?

எலெக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடில் 3+1 கேபிள் என்று 90 மீட்டர் கட்டாக விற்பார்கள். நடுவில் படத்துக்கு ஒரு கோஆக்ஸியல், கூடவே கரண்டுக்கு மெல்லிய ஒயர்கள். பார்வைக்கு எல்லாக் கட்டும் ஒன்றுபோலவே இருக்கும். உள்ளே செம்பா, செம்பு பூசிய அலுமினியமா என்பதில்தான் வித்தியாசம். பூசியதற்குத் தடை ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பிளேடால் இழையைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

அதைவிட நம்பகமான சோதனை ஒன்று உண்டு. கட்டைப் பிரிப்பதற்கு முன்னாலேயே, ஒரு முனையில் கரண்டுக்கான இரண்டு ஒயரையும் சேர்த்து முறுக்குங்கள். மறுமுனையில் மல்டிமீட்டரை ஓம் நிலையில் வைத்து அளங்கள். 90 மீட்டர் கட்டில், 0.5 சதுர மி.மீ. நல்ல செம்பாக இருந்தால் 7 ஓம் பக்கத்தில் காட்டும். 20, 25 என்று காட்டினால் அந்தக் கட்டு வீட்டுக்குள் பத்து மீட்டருக்குத்தான் லாயக்கு. கடைக்காரர் முன்னாலேயே அளந்து பார்க்கலாம், யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். நான் ஒவ்வொரு கட்டையும் அளந்துதான் எடுக்கிறேன்.

மொட்டை மாடி, பின்சந்து போன்ற தூரத்துக் கேமராக்களுக்கு 3+1-ஐப் படத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, கரண்டுக்கென்று தனியாக 1 சதுர மி.மீ. இரட்டை ஒயர் இழுப்பது என் வழக்கம். ஒவ்வொரு கேமராவுக்கும் பெட்டியிலிருந்து தனி ஒயர். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தொங்கவிடுவதில்லை. 230 வோல்ட் ஒயர் போகும் பைப்பில் இதைச் சேர்த்து நுழைக்கவும் கூடாது.

எஸ்.எம்.பி.எஸ்.ல ஒரு சின்ன திருகு இருக்கே, அதைத் திருப்பி 13.5 வைச்சுட்டா?

வைக்கலாம், அளவோடு. தூரத்துக் கேமராவுக்கு அது உதவும். ஆனால் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கேமராவுக்கு 13.5 முழுதாகப் போகும். லேபிளைப் பார்த்தால் சிலவற்றில் 12 வோல்ட்டுக்கு 25 சதவீதம் கூடலாம் குறையலாம் என்றிருக்கும், சிலவற்றில் 10 சதவீதம்தான். 10 சதவீதம் என்றால் 13.2-க்கு மேல் போகக் கூடாது. மெல்லிய ஒயரைப் போட்டுவிட்டு அதைச் சரிக்கட்ட இந்தத் திருகைத் திருப்புவது எனக்கு உடன்பாடில்லை. பகலில் இழுப்பு குறைந்ததும் அந்தக் கூடுதல் வோல்ட் கேமராவின் மேல்தான் போய் நிற்கும்.

வைஃபை கேமரா 5 வோல்ட். அதையும் இதே பெட்டியில மாட்ட முடியுமா?

நேராக மாட்டினால் செத்துவிடும். செல்போன் சார்ஜர் போல 5 வோல்ட் கேட்கும் கேமரா அது. அதற்காகப் பெட்டிப் பக்கத்தில் 5 வோல்ட் தயாரித்து நீள ஒயரில் அனுப்புவதும் சரிவராது. 10 மீட்டர் தூரம், 0.5 சதுர மி.மீ. ஒயர், 1 ஆம்பியர் என்றால் 0.78 வோல்ட் போய்விடும். 12-ல் அது பொருட்டில்லை. 5-ல் அது 4.2 ஆகிவிடும், கேமரா திரும்பத் திரும்ப ரீஸ்டார்ட் ஆகும்.

12 வோல்ட்டாகவே கேமரா வரை கொண்டுபோய், அங்கே கட்டைவிரல் அளவிலான பக் கன்வர்ட்டர் ஒன்றை ஜங்ஷன் பாக்ஸுக்குள் வைத்து 5 ஆக்குங்கள். 5 வோல்ட் மாறாமல் வரும் வகை நல்லது. திருகு வைத்த வகையாக இருந்தால், கேமராவை மாட்டும் முன் 5 வருகிறதா என்று அளந்துவிட்டு, திருகின் மேல் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வையுங்கள்.

பி.ஓ.இ. போட்டா இந்தத் தலைவலியே இல்லைன்னு சொல்றாங்க?

பெரும்பாலும் உண்மை. புது வீடு கட்டுகிறீர்கள், சுவர் இன்னும் பூசவில்லை என்றால் யோசிக்கவே வேண்டாம், பி.ஓ.இ. போடுங்கள். ஒரே நெட்வொர்க் கேபிளில் படமும் கரண்டும் போகும். 48 வோல்ட் அளவில் போவதால் 5 வாட் கேமராவுக்கு 0.1 ஆம்பியர் போதும். 50 மீட்டர் தூரத்தில்கூட அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு வராது. 48-ல் அரை வோல்ட் போனால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

பி.ஓ.இ.க்கென்று 2003-ல் வந்த 802.3 ஏ.எஃப். தரத்தில் ஸ்விட்ச் (நெட்வொர்க் கேபிள்களைச் சொருகும் பெட்டி) ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் தரும், கேமராவுக்கு உறுதியாக 12.95 வாட் சேரும். 2009-ல் வந்த ஏ.டி. தரத்தில் 30 வாட். வீட்டுக் கேமராவுக்கு முதலாவதே போதும். கேபிள் தூரம் 100 மீட்டருக்குள் இருக்க வேண்டும்.

வாங்கும்போது இரண்டு விஷயம் பாருங்கள். எட்டு போர்ட் இருந்தாலும் ஸ்விட்ச் மொத்தமாக எத்தனை வாட் தரும் என்று தனியாக எழுதியிருக்கும். கேமராக்களின் மொத்த வாட் அதற்குள் அடங்க வேண்டும். அடுத்தது, பாஸிவ் பி.ஓ.இ. என்று மலிவாக விற்பது. தரப்படி செய்த ஸ்விட்ச், எதிர்முனையில் இருப்பது பி.ஓ.இ. கருவிதானா என்று சோதித்துவிட்டுத்தான் கரண்ட் விடும். பாஸிவ் எதையும் கேட்காமல் விடும். தெரியாமல் லேப்டாப்பைச் சொருகினால் அதன் போர்ட் போகலாம்.

பழைய வீட்டில் ஏற்கெனவே 3+1 கேபிள் சுவருக்குள் ஓடுகிறது, படமும் நன்றாக வருகிறது என்றால் அதைப் பிடுங்க வேண்டாம்.

சென்சார்களுக்குத் தனி சப்ளை வேணுமா?

கதவில் ஒட்டும் காந்த சென்சாருக்குக் கரண்டே வேண்டாம். அது காந்தம் பக்கத்தில் வந்தால் மூடிக்கொள்ளும் ஒரு ஸ்விட்ச், இரண்டு ஒயர் போதும். ஒயர்லெஸ் வகை பேட்டரியில் ஓடுவது, அதை அப்படியே விட்டுவிடுங்கள். அசைவு சென்சார் 12 வோல்ட் வகை என்றால் அலாரம் பேனலிலேயே அதற்கான முனை இருக்கும். இழுப்பு மிகக் குறைவு என்பதால் மெல்லிய ஒயரிலும் ஓடும்.

கவனிக்க வேண்டியது சைரனை. இரண்டு வருடம் முன்பு ஒரு வீட்டில் நானே செய்த தவறு இது. பார்க்கிங்கில் சைரனும் கேமராவும் அடுத்தடுத்து இருந்தன, ஒரே ஒயரில் இரண்டையும் கொடுத்துவிட்டேன். மாதக்கணக்கில் பிரச்சினையே இல்லை. ஒரு நாள் நள்ளிரவில் யாரோ கேட் ஏறிக் குதிக்க, சைரன் கத்தியது. கத்திய அந்த நொடியில் வோல்ட் விழுந்து பக்கத்துக் கேமரா அணைந்து ரீஸ்டார்ட் ஆனது. ஆள் ஓடிவிட்டான், ஒரு நிமிடப் பதிவும் இல்லை. எதற்காகக் கேமரா வைத்தார்களோ அந்த ஒரு நிமிடம். அந்த வீட்டுப் பாட்டி என்னைத் திட்டவில்லை, "பரவாயில்லை தம்பி, சரி பண்ணிடு" என்றார். அன்றிலிருந்து சைரனுக்குப் பெட்டியிலிருந்தே தனி ஒயர் இழுக்கிறேன். சைரனைக் கத்தவிட்டு எல்லாப் படமும் நிற்கிறதா என்று பார்க்காமல் வேலையை முடிப்பதில்லை.

கேட்டில் மேக்னெட்டிக் லாக் இருக்கு. அதையும் சேர்க்கலாமா?

வேண்டாம், தனி சப்ளை கொடுங்கள். 600 பவுண்டு பிடிவிசை உள்ள லாக் 12 வோல்ட்டில் அரை ஆம்பியர் அளவில் எந்நேரமும் இழுக்கும். அணைக்கும்போது அதன் சுருளிலிருந்து ஒரு வோல்ட் அதிர்ச்சி ஒயருக்குள் திரும்பி வரும். லாக்கின் முனைகளில் ஒரு 1என்4007 டயோடு போட்டால் அது அடங்கும். கரண்ட் போனால் இந்த லாக் திறந்துகொள்ளும் என்பதையும் நினைவில் வையுங்கள். பேக்கப் இல்லாமல் வாசலில் இதை மட்டும் நம்பாதீர்கள்.

டி.வி.ஆர்.ஐயும் அதே பெட்டியில மாட்டினேன். படத்துல கோடு கோடா ஓடுது.

படத்தைப் பதிவுசெய்யும் டி.வி.ஆர்.ஐ அதனுடன் வந்த அடாப்டரிலேயே ஓட்டுங்கள். கேமராவிலிருந்து கரண்ட் திரும்பி வர மைனஸ் ஒயர் இருக்கிறது. டி.வி.ஆர்.உம் அதே பெட்டியில் இருந்தால், படம் வரும் கேபிளின் வெளிப்பின்னலும் அதே மைனஸோடு சேர்ந்துவிடும். மைனஸ் ஒயர் மெல்லியதாகவோ, திருகு தளர்ந்தோ இருந்தால் கரண்ட் அந்தப் பின்னல் வழியாகத் திரும்பும். அது படத்தில் கோடாகத் தெரியும். ஹார்ட் டிஸ்க் சுழலத் தொடங்கும்போது சில நொடிகளுக்கு நிறைய ஆம்பியர் இழுக்கும் என்பது இன்னொரு காரணம்.

தனி அடாப்டர் போட்டும் கோடு வந்தால், பெட்டியில் மைனஸ் திருகுகளை இறுக்குங்கள். பிறகு கேமராக்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றினால் கோடு மறைகிறதோ, அதன் பின்னோ உடம்போ ஈரச் சுவரையோ இரும்புக் கிராதியையோ தொட்டுக்கொண்டிருக்கும்.

கரண்ட் போனா என்ன ஆகும்?

நம் வீடுகளில் மீட்டர் போர்டு எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். பார்க்கிங்கில், கேட்டுக்குப் பக்கத்தில், பூட்டில்லாமல். மெயின் ஸ்விட்சான எம்.சி.பி.யை ஒரு விரலால் கீழே தள்ளினால் ஆறு கேமராவும் அணையும். மின் கம்பெனியான பெஸ்காம் கரண்ட்டை நிறுத்துவது இருக்கட்டும், திருட வருபவன் நிறுத்துவதற்காகவே பேக்கப் வேண்டும்.

வீட்டில் பேட்டரி யு.பி.எஸ். இருந்தால் வேலை சுலபம். எஸ்.எம்.பி.எஸ்., டி.வி.ஆர்., ரவுட்டர் மூன்றையும் யு.பி.எஸ். லைனில் உள்ள பாயிண்டில் மாட்டுங்கள். மூன்றும் சேர்ந்து 50 வாட் பக்கம்தான். நல்ல நிலையில் உள்ள 150 ஏ.எச். (ஆம்பியர்-மணி) பேட்டரி, இதை மட்டும் தாங்குவதானால் பத்து மணி நேரம் ஓட்டும். யு.பி.எஸ். பின்னால் 'யு.பி.எஸ். மோடு' என்று ஒரு ஸ்விட்ச் இருந்தால் அதில் வையுங்கள். மற்ற மோடில் மாறுவதற்குக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதற்குள் டி.வி.ஆர். அணைந்து மறுபடி எழுந்து பதிவு தொடங்க ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகிவிடும். ரவுட்டரை மறந்தால் பதிவு நடக்கும், ஆனால் ஊரிலிருந்து போனில் பார்க்க முடியாது.

யு.பி.எஸ். இல்லாதவர்களுக்கு பேட்டரி வைக்கும் வசதியுள்ள எஸ்.எம்.பி.எஸ். கிடைக்கும், 12 வோல்ட் 7 ஏ.எச். சீல்டு பேட்டரியோடு. உதாரணத்துக்குச் சுமை 3.5 ஆம்பியர் என்றால், 7-ஐ அதால் வகுத்து இரண்டு மணி நேரம் என்று கணக்குப் போடாதீர்கள். அந்த 7 என்பது இருபது மணி நேரம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. இந்தச் சுமையில் ஒன்றேகால் மணி நேரம் வந்தால் நல்லது. அதிலும் கடைசிப் பகுதியில் பேட்டரி 11-க்குக் கீழே இறங்கும். ஒயரில் இன்னும் ஒரு வோல்ட் போனால் தூரத்துக் கேமராக்கள் முன்பே அணைந்துவிடும். தடித்த ஒயர் போட்டவர்களுக்கு அதே பேட்டரி கூடுதல் நேரம் உழைப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் ஆனதும் பேட்டரியை மாற்றிவிடுங்கள்.

லித்தியம் பேட்டரியை ஈய பேட்டரிக்கான சார்ஜரில் மாட்டாதீர்கள்.

எந்த மீட்டரிலிருந்து எடுப்பது? பில் எவ்வளவு ஏறும்?

ஓனர் மீட்டரிலிருந்து, அல்லது மோட்டாருக்கும் படிக்கட்டு விளக்குக்கும் உள்ள பொது மீட்டரிலிருந்து. வாடகைக்காரர் வீட்டுப் பாயிண்டில் எடுத்தால், அவர் ஊருக்குப் போகும்போது மெயினை அணைத்துவிட்டுப் போவார், குற்றம் சொல்ல முடியாது. அவருடைய மீட்டரில் உங்கள் கேமரா ஓடுவது நியாயமும் இல்லை.

ஆறு கேமராவும் டி.வி.ஆர்.உம் 42 வாட் என்றால் நாளுக்கு ஒரு யூனிட், மாதம் 30 யூனிட். தொகை சிறியது. ஆனால் கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டமான கிருஹ ஜோதியில் இருப்பவர்கள் மீட்டரைக் கவனிக்க வேண்டும். மாதம் 200 யூனிட்டைத் தாண்டினால் முழு பில்லும் உங்கள் தலையில் விழும். ஏற்கெனவே 180 ஓடும் மீட்டரில் இதைச் சேர்க்காதீர்கள்.

மழை பெய்யும்போது கேமராவைத் தொட்டா சுருக்குன்னு அடிக்குது.

உடனே மெயினை அணைத்துவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எஸ்.எம்.பி.எஸ்.க்கு எர்த் இல்லை என்பதுதான் பெரும்பாலும் காரணம். அதற்குள் இருக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் வழியாகக் கொஞ்சம் கசிவு எப்போதும் உண்டு, அது எர்த்துக்குப் போக வேண்டியது. எர்த் இல்லாவிட்டால் 12 வோல்ட் பக்கத்தில் ஏறி, கேமராவின் உலோக உடம்பில் வந்து நிற்கும். பொதுவாக இது சுருக்கென்று தெரிவதோடு நிற்கும். ஆனால் பெட்டிக்குள் காப்பு உடைந்திருந்தாலும் முதல் அறிகுறி இதே சுருக்குதான், தொட்டுப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பழைய வீடுகளில் மூன்று துளை பிளக் இருந்தும் எர்த் ஒயர் எங்கேயும் போய்ச் சேராமல் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். குழந்தைகள் விளையாடும் மொட்டை மாடியில் இதை ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

இடி இடிச்சா எல்லாம் போயிடுமா?

ஏப்ரல், மே மாதம் மாலை மழையில்தான் எனக்கு இந்த வேலை அதிகம். பக்கத்தில் எங்கோ விழும் இடியே நீளமான செம்பு ஒயரில் வோல்ட்டைத் தூண்டிவிடும். போர்டில் ஒரு சர்ஜ் ப்ரொடெக்டர், நல்ல எர்த், மொட்டை மாடிக் கேமராவைக் கம்பத்தின் உச்சியில் வைக்காமல் கைப்பிடிச் சுவருக்குக் கீழே வைப்பது, இவை சேதத்தைக் குறைக்கும். நேரடி இடியை எதுவும் தடுக்காது.

இரண்டு எஸ்.எம்.பி.எஸ்.ஐச் சேர்த்து முறுக்கி ஆம்பியரைக் கூட்டலாமா?

கூடாது. வோல்ட் கொஞ்சம் அதிகமுள்ள பெட்டி மொத்தச் சுமையையும் ஏற்றுக்கொண்டு முதலில் போகும். எட்டுக் கேமராவுக்கு மேல் போனால், முன்பக்கத்துக்கு ஒன்று பின்பக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு பெட்டியைப் பிரித்து வையுங்கள். ஒரு 20 ஆம்பியர் பெட்டியைவிட இரண்டு 10 ஆம்பியர் பெட்டிதான் எனக்குப் பிடிக்கும். ஒன்று போனாலும் வாசலை யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வேலை முடிஞ்சு ஆள் கிளம்பும்போது நாங்க என்ன பார்க்கணும்?

பகலில் முடித்தாலும் இருட்டும் வரை இருக்கச் சொல்லுங்கள், அல்லது மறுநாள் இரவு ஏழு மணிக்கு வரச் சொல்லுங்கள். எல்லா ஐ.ஆர். விளக்கும் எரியும்போது ஒவ்வொரு கேமராவிலும் வோல்ட் அளந்து காட்டட்டும். சைரனைக் கத்தவிடட்டும். மெயினை அணைத்து, பேக்கப்பில் அரை மணி நேரம் ஓடவிட்டு, மறுபடி அளக்கட்டும். வெளியே உள்ள பின்கள் எல்லாம் ஜங்ஷன் பாக்ஸுக்குள் இருக்கின்றனவா, ஒயர் பாக்ஸுக்குள் நுழைவதற்கு முன் கீழே ஒரு வளைவு வளைந்து மழைநீர் சொட்டிப்போக வழியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

பிறகு எஸ்.எம்.பி.எஸ். மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதி வைக்கச் சொல்லுங்கள்: எந்த வாய் எந்தக் கேமரா, அன்று இரவு அங்கே எத்தனை வோல்ட், பேட்டரி போட்ட மாதமும் வருடமும். இரண்டு வருடம் கழித்து மொட்டை மாடிப் படம் விழுந்தால், அன்று 11.2 இருந்தது இன்று 10.1 இருக்கிறது என்று பார்த்த உடனே, வருபவர் யாராக இருந்தாலும் நேராக அந்தப் பின்னைக் கழற்றி உள்ளே பச்சை பூத்திருக்கிறதா என்று பார்ப்பார்.